செவ்வாய்க்கிழமை வைத்தியம்

சேசு மரி சூசை துணை

சாரம், புதுச்சேரி
12-6-1982

அன்புள்ள அக்காவுக்கு, தம்பி சகாயநாதன் எழுதிக்கொண்டது. இங்கு அப்பாவும் அம்மாவும் நல்ல சுகம். பிலாயில் நீயும் மாமாவும் குட்டி ரோசலினும் சுகமாக இருக்கிறீர்களா?

பரீட்சை முடிவு வந்துவிட்டது. ஆறு பாடத்தில் மூன்று பாடம் என்னை வேண்டாம் என்று சொல்லிவிட்டன. மற்ற மூன்றும் எதைப் பார்த்து ஏற்றுக்கொண்டன என்பது எனக்கே விளங்கவில்லை. அப்பா மார்க் ஷீட்டை வாங்கி முன்பக்கம் பார்த்தார். பிறகு திருப்பிப் பின்பக்கம் பார்த்தார். அங்கேயும் ஒன்றும் இல்லாததால் மடித்து என்னிடமே கொடுத்துவிட்டு மில்லுக்குப் போய்விட்டார்.

நான் நன்றாக ஓய்வெடுக்கிறேன். காலையில் எழுந்ததும் களைப்பாக இருப்பதால் மறுபடி படுத்துக்கொள்கிறேன். என் சட்டையைத் துவைக்கும்போதெல்லாம் அம்மா, "இதுக்குள்ள இப்ப ரெண்டு சகாயம் போவலாம்" என்கிறாள். துணி மிச்சம்தானே.

கைக்கடிகாரத்தை என் சிநேகிதன் தேவதாஸிடம் கொடுத்துவிட்டேன். அவன் இப்போது வேலைக்குப் போகிறான். மணி தெரிந்து எனக்கு ஆகப்போவது ஒன்றும் இல்லை.

மாமாவுக்கு என் வணக்கம். ரோசலினுக்கு முத்தம்.

உன் அன்புத் தம்பி,
சகாயம்


பிலாய்
24-6-1982

அன்புத் தம்பிக்கு அக்கா ஸ்டெல்லாமேரி ஆசீர்வதித்து எழுதியது. நாங்கள் மூவரும் சுகம். வெயில் மட்டும் எங்களைவிடச் சுகமாக இருக்கிறது.

உன் மார்க்கை மாமாவிடம் சொன்னேன். "மூணுதானா? நான் ஒரே வருஷத்துல அஞ்சு பாடத்துல போனவன்" என்றார். கல்யாணத்துக்கு முன்னால் இதை யாரும் என்னிடம் சொல்லவில்லை. அப்பாவுக்குத் தெரியுமா என்று விசாரித்து எழுது.

அக்டோபரில் மறுபடி எழுதலாம் அல்லவா? எழுது. அதற்கு முன் சாப்பிடு. கடிகாரம் நீ கோயிலில் உறுதிபூசுதல் வாங்கிய அன்று ஞானத்தகப்பனார் உன் கையில் கட்டியது. அதை ஏன் கொடுத்தாய்? தேவதாஸ் வேலைக்குப் போனால் அவன் சம்பளத்தில் வாங்கிக்கொள்ளட்டும். திருப்பிக் கேள். உனக்கு வெட்கமாக இருந்தால் நான் கேட்டதாகச் சொல்.

அம்மாவின் முட்டிவலி எப்படி இருக்கிறது? விவரமாக எழுது.

ஸ்டெல்லா


சாரம்
9-7-1982

அன்புள்ள அக்காவுக்கு, எல்லோரும் சுகம். அம்மாவின் முட்டி தவிர.

கடிகாரத்தை நான் கேட்கவில்லை. கொடுத்தது கொடுத்ததுதான். சைக்கிளையும் அவனுக்கே கொடுத்துவிட்டேன். கடிகாரம் கட்டியவன் நடந்து போனால் நன்றாகவா இருக்கும்? என் புத்தகங்களை எதிர்வீட்டு ராஜாங்கத்தின் மகள் ஆதிலட்சுமிக்குக் கொடுத்தேன். அவள் முதல் வருடம். அலமாரி இப்போது காலி. அம்மா அதில் புளிப்பானையை வைத்துவிட்டாள்.

போன சனிக்கிழமை கோயிலுக்குப் போய்ப் பாவசங்கீர்த்தனம் செய்தேன். பாதியில் சாமியார் தூங்கிவிட்டார். என் பாவங்களில் அவ்வளவு ருசி இல்லை போலிருக்கிறது. எழுப்ப மனம் வராமல் நானே எழுந்து வந்துவிட்டேன்.

சின்ன வயதில் உன் பொம்மையின் தலையை நான் கிணற்றில் போட்டதை மன்னித்துவிடு. வேறு ஏதாவது மனதில் வைத்திருந்தாலும் மன்னித்துவிடு. சும்மாதான் எழுதுகிறேன். அப்பாவை நீதான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

ரோசலின் பெரியவளானதும் அவளுக்கு ஒரு மாமன் இருந்தான், ரொம்பத் தமாஷ்காரன் என்று சொல்.

சகாயம்


பிலாய்
18-7-1982

தம்பி,

சுகம் கேட்கிற சடங்கெல்லாம் இன்று இல்லை.

உன் கடிதத்தை முதல் தடவை படித்துவிட்டுச் சிரித்தேன். மாமாவுக்குப் படித்துக் காட்டும்போதும் சிரித்தேன். மறுநாள் துணி காயப்போடும்போது, "ஒரு மாமன் இருந்தான்" என்று எழுதியிருக்கிறாயே, ஏன் இருக்கிறான் என்று எழுதவில்லை என்று தோன்றியது. உள்ளே போய் மறுபடி படித்தேன். சிரிப்பு வரவில்லை.

உனக்குச் சாக வேண்டும் என்று தோன்றுகிறதா, சகாயம்?

எழுதிவிட்டேன். இதை எழுத எனக்கு மூன்று காகிதம் வீணாயிற்று. ஆமாம் என்றால் நான் திட்டமாட்டேன், கூச்சல் போடமாட்டேன். இல்லை என்றால் நம்புவேன். ஆமாமா, இல்லையா, ஒரு வார்த்தை போதும். தமாஷ் வேண்டாம். இதைப் படித்த உடனே எழுது.

அக்கா


சாரம்
4-8-1982

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கேள்விக்குப் பதில் எழுத உட்கார்ந்தேன். பேனாவில் மை இல்லை. மை வாங்கி வந்தேன். வார்த்தை இல்லை. இப்படியே ஒன்பது நாள் போய்விட்டது. அதற்குள் நீ தந்தி கொடுப்பாய் என்று எதிர்பார்க்கவில்லை.

நேற்றுக் காலையில் தபால்காரர் அரிகிருஷ்ணன் தெருமுனையிலேயே சைக்கிளை விட்டு இறங்கித் தள்ளிக்கொண்டு வந்தார். தந்தி என்றால் அவர் அப்படித்தான் வருவார். அதைப் பார்த்ததுமே அம்மா மார்பில் அடித்துக்கொண்டாள். பக்கத்து வீட்டு ஆயம்மா தலையை அவிழ்த்துப் போட்டுக்கொண்டு ஓடி வந்தது. பிலாயிலிருந்து என்று தெரிந்ததும் மாமாதான் போய்விட்டார் என்று அதுவே முடிவு செய்து ஒப்பாரியை ஆரம்பித்துவிட்டது. மாமாவின் நிறம், உயரம், இரும்பு ஆலை உத்தியோகம் எல்லாம் அதில் வந்தன. பாதி ஒப்பாரியில் நிறுத்தி, "மாப்ளை பேரு என்னாம்மா?" என்று அம்மாவைக் கேட்டது. அம்மா அழுதுகொண்டே சொன்னாள்.

இருபது பேர் கூடிவிட்டார்கள். அப்பா உறையைப் பிரித்து என்னிடம் நீட்டினார். "சகாயத்தை உடனே டாக்டரிடம் காட்டவும். கடிதம் வருகிறது. ஸ்டெல்லா." அரிகிருஷ்ணன் என் தோளுக்கு மேல் எட்டி அதை உரக்கவே படித்துவிட்டார்.

கூட்டம் சட்டென்று அடங்கியது. ஆயம்மா கூந்தலை முடிந்துகொண்டு, "பையனுக்கு இன்னா வியாதி?" என்றது.

அப்பா என்னைப் பார்த்தார். கூட்டத்தைப் பார்த்தார்.

"மூலம்" என்றார்.

எல்லோரும் போன பிறகு கிணற்றடிக்கு வந்தார். "உனக்கு இன்னாடா?" என்றார். ஒன்றும் இல்லை என்றேன். "ஒண்ணும் இல்லாததுக்கா அங்கேர்ந்து தந்தி வருது?" உன் கடிதத்தைக் கொண்டுவந்து அவர் கையில் கொடுத்துவிட்டேன். எழுத்துக் கூட்டிப் படித்தார். படித்து முடித்ததும் மடித்தார். அதற்கு மேல் மடிக்க முடியாது என்கிற அளவுக்கு மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

"பெரியாஸ்பத்திரியில செவ்வாக்கெழமதான் அந்த டாக்டரு வராங்களாம். கேட்டுக்குனு வந்துட்டேன். இன்னிக்குப் பாத்துட்டுப் போயிட்டாங்களாம். அடுத்த செவ்வா போறோம்" என்று மாலையில் சொன்னார். அதுவரை மில்லுக்கு லீவு போட்டிருக்கிறார். நான் எங்கே போனாலும் பின்னாலேயே வருகிறார். கக்கூசுக்குப் போனாலும் வெளியே நின்று இருமுகிறார்.

சகாயம்


பிலாய்
10-8-1982

அன்புத் தம்பி,

உன் கடிதம் கிடைத்தது. இன்று செவ்வாய்க்கிழமை. இந்த நேரம் போயிருப்பாய் என்று நினைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

தான் இறந்த செய்தியைக் கேட்டு மாமா மகிழ்ச்சியடைந்தார். ஆயம்மா தன் நிறத்தைப் பற்றி என்ன சொன்னது என்று திரும்பத் திரும்பக் கேட்கிறார்.

அப்பா இருமினால் இருமட்டும். கோபப்படாதே. டாக்டர் என்ன கேட்டாலும் உள்ளதைச் சொல். எனக்குச் சொல்லாவிட்டாலும் பரவாயில்லை.

ஸ்டெல்லா


சாரம்
12-8-1982

அன்புள்ள அக்காவுக்கு,

போய்வந்தோம். முதலிலிருந்து சொல்கிறேன்.

அப்பா திருவிழாச் சட்டையைப் போட்டுக்கொண்டார். சீட்டு எழுதுகிற இடத்தில், "இன்னாய்யா உடம்புக்கு?" என்று கேட்டார்கள். பின்னால் வரிசையில் நம் தெருக்காரர் ஒருவர் நின்றார். அப்பா மறுபடியும், "மூலம்" என்றார். அந்தச் சீட்டோடு இரண்டு மணி நேரம் அறுவை சிகிச்சைப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தோம். அங்கே பெஞ்சு காலியாக இருந்தும் பாதிப் பேர் நின்றுகொண்டிருந்தார்கள். காரணம் பிறகுதான் புரிந்தது.

உள்ளே கூப்பிட்டார்கள். டாக்டர் என் முகத்தைக்கூடப் பார்க்காமல், "திரும்பிப் படு" என்று கையுறையை மாட்டினார். நான் அப்பாவைப் பார்த்தேன். அப்பா சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தார். நான் படுத்தேன், அக்கா. வேறு என்ன செய்வது?

அப்போதுதான் அப்பா டாக்டரின் கையைப் பிடித்துக்கொண்டார். "வேணாங்க. இவனுக்கு அங்க ஒண்ணுமில்லீங்க. மனசுலதான். சாவணும்னு நெனக்கிறான்" என்றார். சொல்லிவிட்டு அந்தக் கையை விடாமலே அழுதார். அப்பா அழுது நீ பார்த்திருக்கிறாயா? நான் பார்த்ததில்லை. அந்த டாக்டர் கையுறையைக் கழற்றிவிட்டு, எங்களைத் தானே நடத்தி அழைத்துப்போய் மாடியில் அந்தச் செவ்வாய்க்கிழமை டாக்டரிடம் விட்டுவிட்டுப் போனார்.

மாடியில் இருப்பவர் கேரளத்து அம்மா. சின்ன வயது. "மரிக்கணும்னு தோணுமோ?" என்று கேட்டார்.

அப்பாவுக்கு அழுகையில் காது சரியாகக் கேட்கவில்லை. மரி மாதாவிடம் செபிப்பதைப் பற்றிக் கேட்கிறார் என்று நினைத்துவிட்டார். "தெனமும் உண்டுங்க, டாக்டரம்மா" என்றார்.

"தினமுமோ?"

"குடும்பமா முட்டிபோட்டு. ஸ்டெல்லா இருந்தப்ப அவதான் ஆரம்பிப்பா."

டாக்டரம்மா எழுதுவதை நிறுத்திவிட்டார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எவ்வளவு நாளைக்குப் பிறகு என்று தெரியவில்லை. அடக்க முடியாமல் சிரித்தேன். சிரித்துக்கொண்டே இருந்தவன், அழுகிறேன் என்பதைப் பிறகுதான் கவனித்தேன். அப்பாவை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு டாக்டரம்மா அதே கேள்வியை மறுபடி கேட்டார். குடிக்கத் தண்ணீர் வேண்டுமா என்று கேட்பதுபோல் சாதாரணமாகக் கேட்டார்.

ஆமாம் என்றேன்.

உனக்கும் அதுதான் பதில், அக்கா. ஆமாம். பரீட்சைக்கு ரொம்ப முன்னாலிருந்தே. பொங்கலிலிருந்து என்று நினைக்கிறேன். காலையில் கண் விழித்ததும் ஏன் விழித்தோம் என்று இருக்கும். ஜூலையில் நாள்கூடக் குறித்தேன். அன்று அம்மாவுக்கு முட்டி வீங்கிவிட்டது, தண்ணீர் பிடிக்க ஆளில்லை. சரி, நாளைக்கு என்று விட்டேன். மறுநாள் கோயிலில் பூசைக்குப் பாட ஆள் குறைகிறது என்று கூப்பிட்டார்கள். இப்படியே தள்ளிப்போனது. அதைக்கூட ஒழுங்காகச் செய்யத் தெரியவில்லை என்று என்னைத் திட்டிக்கொண்டேன். இதைச் சொன்னபோது டாக்டரம்மா சிரிக்கவில்லை. "தள்ளிப்போட்டவனும் நீதானே? அவன் பேச்சைக் கேள்" என்றார்.

இது நோய்தானாம். டைபாய்டு மாதிரி. மாத்திரை கொடுத்திருக்கிறார். வேலை செய்ய மூன்று வாரமாவது ஆகுமாம். செவ்வாய்க்கிழமைதோறும் போக வேண்டும். அதுவரை என்னைத் தனியாக விடக்கூடாது என்று அப்பாவிடம் சொல்லியிருக்கிறார். இருமல் தொடரும்.

சகாயம்


பிலாய்
21-8-1982

என் தம்பிக்கு,

ஆமாம் என்று எழுதினாயே, அது போதும். இனி எதையும் தமாஷில் சுற்றித் தர வேண்டாம். சுற்றித்தான் தர வேண்டும் என்றாலும் தா. பிரித்துக்கொள்கிறேன்.

மாத்திரையை விடாதே. மாமா தன் கடிகாரத்தை உனக்குப் பார்சலில் அனுப்பச் சொன்னார். நான் வேண்டாம் என்றேன். உன்னுடையதைத் தேவதாஸிடம் கேள்.

நான் சுகம். எனக்கென்ன?

ஸ்டெல்லா


சாரம்
20-10-1982

அன்புள்ள அக்காவுக்கு, அனைவரும் சுகம். ஒரு மாதமாக எழுதவில்லை. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

தேவதாஸ் தானே வந்து கடிகாரத்தையும் சைக்கிளையும் கொடுத்துவிட்டான். "மூலத்துக்கு சைக்கிள் ஆவாதுன்னுதான் குடுத்தியாமே? தெரியாம வாங்கிக்கினேன்" என்றான்.

அந்த ஒரு வார்த்தையால் நான் படும் பாடு பெரும்பாடு. தெருவில் எல்லா வீட்டிலிருந்தும் கருணைக்கிழங்கு வருகிறது. மசியல், குழம்பு, வறுவல். மணியம்மாள் துத்தி இலையை வதக்கிக் கொண்டுவந்து, எங்கே வைத்துக் கட்ட வேண்டும் என்று நடுவாசலில் நின்று விளக்கியது. பென்ஷன்காரர் யூஜின் சொல்தா, பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்த காலத்துக் களிம்பு ஒன்றைத் தேடி எடுத்துக் கொடுத்து, "போன் குராழ், தம்பி" என்று என் கையைக் குலுக்கினார். தைரியமாக இரு என்று அர்த்தமாம். கருணைக்கிழங்கைப் பார்த்தாலே நாக்கு அரிக்கிறது. ஆனாலும் சாப்பிடுகிறேன். அம்மா இப்போது சட்டையைப் பற்றி ஒன்றும் சொல்வதில்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை மாடியில் உட்கார்ந்திருந்தோம். படியேறி வந்தது யார் தெரியுமா? எதிர்வீட்டு ராஜாங்கம். தட்டாஞ்சாவடிப் பட்டறையில் லேத் ஓட்டுபவர், எதற்கும் அசையாதவர். கூடவே ஆதிலட்சுமி, தலையைக் குனிந்துகொண்டு. அவளுக்குப் பல்வலி என்று ஒரு மாதமாகத் தெருவில் சொல்லி வந்தார்கள்.

இரண்டு அப்பாக்களும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். ஓடவும் வழியில்லை. சுவரில் "மனநலப் பிரிவு" என்று பெரிய எழுத்தில் எழுதியிருந்தது.

"பையனுக்கு மூலம் எப்படி இருக்குது?" என்றார் ராஜாங்கம்.

"பரவால்ல. பொண்ணுக்குப் பல்லு?"

"கொறஞ்சிருக்கு."

பிறகு இரண்டு பேரும் டீ குடிக்கப் போய்விட்டார்கள். ஆதிலட்சுமியும் நானும் பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். அவள், "உன் புக்ல ஓரத்துல எல்லாம் எழுதி வச்சிருந்தியே, அதப் படிச்சிட்டுதான் அப்பாகிட்ட சொன்னேன். எனக்கும் அப்படித்தான் இருக்குதுன்னு" என்றாள். நான் என்ன எழுதினேன் என்றுகூட எனக்கு நினைவில்லை, அக்கா.

செப்டம்பர் கடைசியில் மறுபடி சரியில்லாமல் போய்விட்டது. மூன்று வாரத்தில் சரியாகும் என்று எண்ணிக்கொண்டிருந்தேன், ஏழாவது வாரம் பழையபடி ஆகிவிட்டது. எழுந்திருக்கவில்லை, குளிக்கவில்லை. அந்த எண்ணமும் வந்தது. செவ்வாய்க்குக் காத்திராமல் அப்பாவை எழுப்பிச் சொன்னேன். அவர் சட்டையை மாட்டிக்கொண்டு உடனே அழைத்துப்போனார். மாத்திரையை மாற்றினார்கள். இப்போது பரவாயில்லை. நேற்று முதல் பாடம் எழுதினேன்.

சகாயம்


சாரம்
3-12-1982

அன்புள்ள அக்காவுக்கு, இங்கு அனைவரும் சுகம். உங்கள் சுகத்துக்கு எழுது. பரீட்சை முடிவு பற்றிப் பின்னால். முதலில் அப்பா செய்த காரியம்.

ஆதிலட்சுமி மூன்று செவ்வாய்களாக வரவில்லை. கேட்டால், "பல்லு சரியாயிடுச்சி" என்றார் ராஜாங்கம். உண்மை என்னவென்றால், கடலூர்ப் பக்கமிருந்து அவளைப் பெண் பார்க்க வருகிறார்களாம். ஆஸ்பத்திரி மாடியில் யாராவது பார்த்துவிட்டால் சம்பந்தம் நின்றுபோகும் என்று பயம். மாத்திரையையும் நிறுத்திவிட்டார்கள். அவள் வெளியே வருவதே இல்லை. அவள் சாப்பிடுவதில்லை, பேசுவதில்லை, தன் வளையலைக் கழற்றித் தங்கைக்குப் போட்டுவிட்டாள் என்று அவள் அம்மா குழாயடியில் சொல்லியிருக்கிறாள். அதை நம் அம்மா வந்து வீட்டில் சொன்னாள்.

வளையல் என்றதும் அப்பா சாப்பாட்டிலிருந்து எழுந்துவிட்டார். கடிகாரத்தை நினைத்திருப்பார் போல. கையைக்கூடக் கழுவவில்லை. நேரே எதிர்வீட்டுக்குப் போனார். நான் பின்னாலேயே ஓடினேன். ராஜாங்கம் வாசலிலேயே மறித்து, "ஒண்ணுமில்ல, அண்ணே, பல்லுதான்" என்று ஆரம்பித்தார். குழாயடியில் தண்ணீருக்கு நின்ற பெண்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள்.

"பல்லும் இல்ல, மூலமும் இல்ல" என்றார் அப்பா. மில்லில் தறிச் சத்தத்துக்கு மேல் பேசிப் பழகிய குரல் அது. தெருக்கோடி வரை கேட்டிருக்கும். "என் பையனுக்கு மூலமே கெடையாது. நான் பொய் சொன்னேன். அவன் சாவணும்னு நெனச்சான். அதுக்குதான் ஆஸ்பத்திரிக்கு இட்டுக்குனு போறேன். நாலு மாசமா போறேன். இதோ நிக்கிறான் பாரு, சோறு துன்றான், பரீட்ச எழுதறான். உன் பொண்ணுக்கு வரன் வரும், போவும். பொண்ணு போனா வராது. செவ்வாக்கெழம வரைக்கும் இருக்காத, ராஜாங்கம். இன்னிக்கே கெளம்பு."

குழாயில் குடம் நிரம்பி வழிந்தது, அதை யாரும் எடுக்கவில்லை. ராஜாங்கம் அப்பாவை அடித்துவிடுவார் என்றுதான் நினைத்தேன். அவர் படியில் உட்கார்ந்துவிட்டார். அவருக்குப் பின்னால் ஆதிலட்சுமி வந்து நின்றாள். காலில் செருப்பு போட்டிருந்தாள்.

அன்றே அவளை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். இன்னும் பத்து நாள் வைத்திருப்பார்களாம். நேற்றுப் பார்த்துவிட்டு வந்தேன். கஞ்சியில் உப்பு இல்லை என்று நர்ஸிடம் சண்டை போட்டுக்கொண்டிருந்தாள். டாக்டரம்மாவுக்கு அதில் ரொம்பத் திருப்தி.

கடலூர்க்காரர்கள் வரவில்லை. தெருவில் இரண்டு வீட்டில் எங்களோடு பேச்சு நின்றுவிட்டது. ஆயம்மா மட்டும் மறுநாள் வந்து, "அந்த டாக்டரம்மா வயசானவங்களையும் பாப்பாங்களா?" என்று அப்பாவிடம் தணிந்த குரலில் கேட்டது. யாருக்கு என்று அப்பா கேட்கவில்லை.

பரீட்சையில் இரண்டு பாடம் தேறிவிட்டேன். ஒன்று போய்விட்டது. தெரிந்த அன்று போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு படுத்தேன். மறுநாளும் படுத்தேன். அதற்கடுத்த நாள் பசித்தது. ஏப்ரலில் எழுத வேண்டும்.

கிறிஸ்துமசுக்கு வருகிறீர்களா? மாமாவை உயிரோடு பார்க்கத் தெருவே காத்திருக்கிறது.

உன் தம்பி,
சகாயம்


பிலாய்
11-12-1982

அன்புத் தம்பிக்கு அக்கா எழுதியது. நாங்கள் மூவரும் சுகம். இருபதாம் தேதி புறப்படுகிறோம். டிக்கெட் கிடைத்துவிட்டது. மாமா புதுச்சட்டை தைத்திருக்கிறார். ஆயம்மா சொன்ன நிறத்துக்கு ஏற்ற துணி என்கிறார்.

அப்பாவிடம் நான் ஒன்றும் எழுதவில்லை. நேரில் வந்து அவர் பக்கத்தில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துகொள்கிறேன். ஆதிலட்சுமிக்கு இங்கிருந்து ஒரு கம்பளிச் சட்டை எடுத்து வருகிறேன். அந்த ஒரு பாடம் கிடக்கட்டும்.

இத்தனை நாள் சொல்லாமல் இருந்ததை ஒன்று சொல்கிறேன். நான் சுகம் என்று எழுதிய கடிதமெல்லாம் பொய். தந்தி கொடுத்துவிட்டு உன் பதில் வரும்வரை நான் தூங்கவில்லை. இங்கே தபால்காரர் பதினோரு மணிக்கு வருவார். பத்தரைக்கே வாசலில் போய் நின்றுவிடுவேன். புதுச்சேரிக் கடிதம் என்றால் வாங்கியதும் பிரிக்கமாட்டேன். மேல்விலாசம் யார் கையெழுத்து என்று முதலில் பார்ப்பேன். அப்பா கையெழுத்தாக இருந்தால் எப்படிப் பிரிப்பது என்று பயம். உன் கோணல் எழுத்தைப் பார்த்த பிறகுதான் உட்கார்ந்து பிரிப்பேன். ஜூலையிலிருந்து ஒவ்வொரு கடிதமும் அப்படித்தான். மாமாவுக்கும் இது தெரியாது.

நேற்று ரோசலினைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தபோது உன் கடிதம் வந்தது. ஈரக் கையோடு வாங்கிப் பிரித்து, அப்பா எதிர்வீட்டு வாசலில் நிற்கிற இடம் வரை நின்றபடியே படித்துவிட்டேன். மேல்விலாசத்தைப் பார்க்கவே இல்லை என்பது அப்புறம்தான் நினைவுக்கு வந்தது.

உன் அக்கா,
ஸ்டெல்லா